பாம்புக்குப் பயந்தவள் சங்கரன்கோவிலுக்குப் போனது

இந்த வலைப்பக்கத்தில் எத்தனையோ கோயில்களைப் பற்றி எழுதிவிட்டேன். "சங்கரன்கோவிலுக்கு இத்தனை பக்கத்து ஊர்க்காரி நீங்கள், அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அந்தக் கோயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபுரத்தின் உயரத்தை எழுத வரவில்லை, என் கதைதான் வருகிறது. வயது தொண்ணூறைத் தொட்டுவிட்டது. இனி யாரிடம் வெட்கப்பட வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

நான் சொல்வது 1953ஆம் வருடம் மாசி மாதம் போன பயணம். இன்று போகிறவர்களுக்கு வேண்டிய தகவல்கள் கடைசியில் இருக்கின்றன. அவசரக்காரர்கள் நேரே அங்கே இறங்கிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிறந்த ஊர் சிவகிரி. கட்டிக்கொடுத்தது இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில். மழையை நம்பிய வெள்ளாமை, பருத்தியும் கம்பும். கோடை தொடங்கினால் நிலம் வாய் பிளந்து வெடிக்கும். அந்த வெடிப்புகளில் யார் குடியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணமாகி ஆறாவது மாதம், தை கடைசியில், பொழுது சாயும் நேரம் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனேன். சுருட்டிக் கிடந்த கயிற்றை எடுத்தேன். கயிறு நெளிந்தது. கயிற்றைப் பாம்பென்று நினைத்துப் பயந்தவர்களைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்பைக் கயிறென்று நினைத்துப் பிடித்தவள் நான். அது சாரைதான், ஒன்றும் செய்யாமல் உருவிக்கொண்டு போய்விட்டது. என் உள்ளங்கையைவிட்டு மட்டும் போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசையக் குமட்டியது. வாளி, வாசல், அடுக்களை, எங்கே கை நீட்டினாலும் அது கிடப்பதாகத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நீண்டதெல்லாம் பாம்பு.

வீட்டில் யாரும் என்னைப் பழிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்தபின் பாம்பு என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'பூச்சி' என்பார்கள். எனக்காகப் பகலிலும் அதன் பெயர் பூச்சி என்றானது. என் கணவர் வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் எடுத்துத் தொழுவத்தில் கொண்டுபோய் ஒளித்தார். பருத்தி எடுக்க ஒத்தாசையாக வந்திருந்த அவருடைய அக்கா, என் மதினி, சடை பின்னுவதை விட்டுவிட்டுக் கொண்டை போட்டுக்கொண்டார். புடலங்காய் வாங்குவது நின்றது. இத்தனை செய்தும் பயம் குறையவில்லை, வளர்ந்தது. விடியுமுன் காட்டுப் பக்கம் ஒதுங்கப் போக வேண்டுமே என்று, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உடம்பு துரும்பாக இளைத்தது.

மாமனார் ஒருநாள் எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டார். "சங்கரங்கோயிலு கோமதியம்மனுக்கு ஒரு வெள்ளி உரு வாங்கி உண்டியல்ல போட்டுப் பாருங்க. அதுக்கும் சரியாவலைன்னா அங்கனயே சிவகிரி பஸ்ஸுல ஏத்தி அவ அம்மகிட்ட விட்டுட்டு வா. காட்டுல கால் வைக்கப் பயப்படுத பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்ய?" அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அந்தக் காலத்தில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டால், திரும்ப அழைக்க வருவார்களா என்பது அவரவர் தலையெழுத்து. வேடிக்கை என்னவென்றால், சிவகிரி பஸ் என்றதும் எனக்குள் ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. அம்மா இருக்கிறாள், வாய்க்கால் இருக்கிறது, கரிசல் வெடிப்பு இல்லை. இன்னொரு பக்கம், கயிறுகளை ஒளித்துவைத்த மனிதரை விட்டுப் போக மனமில்லை.

காலை ஐந்து மணிக்கு வண்டி கட்டினோம். அவர் ஓட்ட, நானும் மதினியும் உள்ளே வைக்கோல்மேல் உட்கார்ந்தோம். மாற்றுச் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டி வண்டியில் வைத்திருந்தார்கள். சிவகிரிக்குப் போனால் கட்டிக்கொள்ள. சங்கரன்கோவில் பதினெட்டு மைல் என்று மாமனார் சொல்வார். மாடுகளைக் கேட்டால் கூடவே சொல்லும். கரிசல் பாதையில் குண்டும் குழியும்தான். எட்டு மணிக்குக் குருவிகுளத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். சோற்றை மதினி உருட்டிக் கொடுக்க, இடது கையில் வாங்கிச் சாப்பிட்டேன்.

அங்கே டீக்கடைக்காரர் வண்டியைப் பார்த்துக் கேட்டார். "எங்கன பயணம்?"

"சங்கரங்கோயிலுக்கு. பிள்ளைக்குப் பூச்சிப் பயம்" என்றார் மதினி.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு இடி. மேகம் கறுத்தா கடையச் சாத்திட்டு உள்ள போயி, அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருவேன். பாருங்க தாயி, இடிக்குப் பேரச் சொன்னா போயிரும்ங்காவ. பூச்சிக்குப் பேரச் சொன்னா வந்துரும்ங்காவ. இது என்ன கணக்கோ."

மீசை வைத்த பெரிய ஆள் இடிக்குப் பயந்து மூலையில் உட்காருவதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குச் சங்கரன்கோவில். ஒரு புளியமரத்தடியில் என் கணவர் வண்டியை அவிழ்த்தார். மரத்துக்கு எதிரேதான் சிவகிரி பஸ் வந்து நிற்கும் இடம். அவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கோயில் வாசலுக்கு வருவதாகச் சொன்னார். மதினியும் நானும் முன்னால் நடந்தோம்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாக ராசாக்களுக்குள் சண்டை. கோமதியம்மன் தவமிருந்து, சிவனும் பெருமாளும் ஒரே உடம்பாக நிற்கும் காட்சியை வாங்கித் தந்தாள் என்பது தலபுராணம். அதனால் உள்ளே எங்கே திரும்பினாலும் நாகம்தான். தூணில், சுவரில், சாமியின் உடம்பில். தெப்பக்குளத்தின் பெயரே நாகசுனை. பிரசாதம் புற்றுமண். பாம்புக்குப் பயந்தவளை இங்கே அழைத்து வந்த புத்தியை என்ன சொல்ல. ஆனால் முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். வீட்டில் விஷ ஜந்து தட்டுப்பட்டால், அதன் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி, பயந்தவர் தன் கையாலேயே உண்டியலில் போட வேண்டும்.

வாசலில் உரு விற்கிற கடை. மதினி குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பூச்சி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்றார். கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நாலணா.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. பார்வையைத் தரையில் வைத்து, மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தேன். மதினி பொட்டலத்தை என் கையில் வைத்தார். காகிதத்துக்குள் அது நெளிவதாகவே இருந்தது. கண்ணை இறுக மூடினேன். மதினி என் முழங்கையைப் பிடித்து உண்டியல் வாய்க்குக் கொண்டுபோனார். விட்டுவிட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது நெஞ்சில் பாரம் இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. பிரகாரத்தைச் சுற்றிவந்தோம். ஒரு தூணில் இருந்த நாகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "பாத்தியா, அம்மன் எடுத்துட்டா" என்று மதினி கண் கலங்கினார். எனக்கும் அழுகை வந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று நினைத்தேன்.

வெளியே வந்து அந்தக் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். "வீட்டுல யாருக்குத் தாயி தேளு கொட்டிச்சு?"

மதினி நின்றார். "தேளா? தேளு எதுக்கு?"

"தேளுதான குடுத்தேன். பூச்சின்னு கேட்டிய."

"பூச்சின்னா தேளா வே?"

"பூச்சின்னா தேளு, பூரான், நட்டுவாக்காலி, என்னமும்தான். அதுல தேளுதான் நெறையப் பேரு வாங்குதாவ. உங்களுக்கு எது வேணும்னு சொல்லணும்லா?"

"அதான் வே, அது. நீளமா..." என்று தொடங்கிய மதினி என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கையால் நெளிவு காட்டப் போய், அதுவும் எனக்குப் பயமாகுமோ என்று கையையும் மடக்கிக்கொண்டார். ஊரில் யாருக்கும் அடங்காத வாய் என் மதினியின் வாய். எனக்காக அது ஒரு சொல்லை முழுங்கிவிட்டுத் திண்டாடியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரமாக நான் ஒரு தேளை நம்பிக் குணமாகியிருந்தேன். அம்மன் என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணியதும் அடக்க முடியவில்லை. ஒரு மாதச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைக்காரர் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்திருக்க வேண்டும், அந்தக் கோயிலுக்கு அப்படியும் பலர் வருவார்கள். சிரித்து முடித்ததும் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. தேளுக்குப் போட்ட காசு தேளுக்குத்தான் என்று அதற்கும் தெரிந்துவிட்டது போல. நடை சாத்தும் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மதினி இனிக் கேட்க மாட்டார் என்று தெரிந்தது. நான்தான் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சிவகிரி பஸ்தான். 

"பாம்பு" என்றேன். "ஒரு பாம்பு குடுங்க அண்ணாச்சி."

என் குரல் தெருவரைக்கும் கேட்டுவிட்டது. கடைக்காரர் மடிக்கப் போனார். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். வலது கையை நீட்டினேன்.  என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை அந்த வெள்ளிப் பாம்பு. உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. சந்நிதிவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். படமெடுத்த தலை கோணலாக இருந்தது, கண்ணுக்குப் பதில் இரண்டு புள்ளி குத்தியிருந்தார்கள். அதைப் போட்டுவிட்டு வெளியே வரவும் நடை சாத்தவும் சரியாக இருந்தது.

புளியமரத்தடிக்கு வந்தோம். என் கணவர் கோயில் வாசலுக்கு வரவேயில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மதினி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் என்னையே பார்த்தார்.

"ஏளா, பேரச் சொல்லியா கேட்ட?"

"ஆமா."

"இப்ப பயம் போயிட்டா?"

"போகலை. ஆனா இருந்துக்கிடுவேன். மாட்டப் பூட்டுங்க, ஊருக்குப் போவோம்."

அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எதிரே சிவகிரி பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஊதிவிட்டுப் புறப்பட்டது. அது தெரு முனை திரும்பும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"ஐயா சொன்ன நாள்ல இருந்து, இந்தப் பஸ்ஸ நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு" என்றார். "அதான், சரியாவலைன்னு சொல்லிருவியளோன்னு அங்கன வரல. நீங்க உள்ள போன பொறவு மூணு பஸ்ஸு போயிட்டு. எண்ணிக்கிட்டே நின்னேன்."

இருபத்து மூன்று வயது ஆள், மூட்டை தூக்குவதில் ஊரில் முதல் ஆள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் ஆயுசில் அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த பிரியத்துக்கு ஈடே இல்லை.

பயம் அதன்பிறகும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் கயிறுகள் வீட்டுக்கு வந்தன, புடலங்காயும் வந்தது. விடியுமுன் வெளியே போகும்போது தரையைத் தடியால் தட்டி, "ஏ பாம்பு, தள்ளிப் போ" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடப்பேன். இருட்டில் அதன் பெயரைச் சொல்கிறாளே என்று ஊர்ப் பெண்கள் என்னோடு வரப் பயந்தார்கள்.

இனி போகிறவர்களுக்கு. கோயில் காலையில் திறந்து பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்துகிறார்கள், திரும்பத் திறப்பது நாலு மணிக்கு. ஆடித் தபசுத் திருவிழா சமயம் கூட்டம் தாங்காது, நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு மாதம் போகலாம். தென்காசி, ராஜபாளையம் இரண்டு பக்கமிருந்தும் ரயில் உண்டு. வெள்ளி விலை ஏறிக்கொண்டே இருப்பதால் உருவின் விலையை நான் சொல்லிப் பயனில்லை, வாங்கும்போது எது வேண்டுமென்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கரிவலம்வந்தநல்லூருக்கும் சிவகிரிக்கும் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. சிவகிரிக்கு முக்கால் மணி நேரம். பிரசவத்துக்கு, தம்பி கல்யாணத்துக்கு, அம்மாவின் கடைசி நாட்களுக்கு என்று நான் அந்தப் பேருந்தில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒருதரம்கூட என் கணவர் அதில் என்னை ஏற்றிவிட வந்ததில்லை. மதினியை அனுப்புவார், இல்லாவிட்டால் வேலை இருக்கிறது என்பார். அந்தப் பயத்துக்கு எந்தக் கோயில் வாசலிலும் உரு விற்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் திரும்பி வர வேண்டியிருந்தது.