காவலுக்கு நின்ற அண்ணன்

மூங்கில்பாறைப் பேரூராட்சியில் சண்முகவள்ளியைப் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் வீட்டு வாசலிலேயே போய் நிற்பாள். தெருவிளக்கு எரியாவிட்டால் செயல் அலுவலரின் ஜீப்பை மறிப்பாள். கவுன்சிலர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வார்டே மெச்சிய வாய் அது. அந்த வாய் அடைத்துக்கொண்ட கதை இது.

பிறந்தது கவுஞ்சியில், பூண்டு போடுகிற குடும்பம். காய்கறி லாரி ஓட்டும் பாலமுருகனுக்கு வாக்கப்பட்டு மூங்கில்பாறைக்கு வந்தாள். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, "நீயே நில்லு வள்ளி" என்று தள்ளிவிட்டார்கள். நின்றாள், ஜெயித்தாள்.

அவள் ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தபோது, அண்ணன் பழனிமுத்து ஜெயிலில் இருந்தார். பூண்டுக் காட்டுக்குள் இறங்கிய காட்டுமாடு ஒன்று மின்வேலியில் பட்டுச் செத்துப்போயிற்று. வேலி இவருடையதா, பக்கத்துத் தோட்டக்காரருடையதா என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் இவரைக் குத்தவைத்து எடுத்த படம் பேப்பரில் வந்தது. பிற்பாடு கோர்ட்டு விடுதலை செய்தது. அதற்கு எந்தப் பேப்பரும் படம் போடவில்லை.

"அண்ணன் எப்படி இருக்காக?" என்று யாராவது கேட்டால் சண்முகவள்ளி அப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவாள். தேர்தல் முடிந்தது, கேஸ் முடிந்தது, அந்தப் பழக்கம் மட்டும் முடியவில்லை. பொங்கல் சீரோடு அண்ணன் வந்தால் சீரை வாங்கிக்கொண்டு, ஒரு வாய் காப்பியைக் கொடுத்து, வெரசா பஸ் ஏற்றிவிடுவாள். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். தங்கச்சிக்கு ஆயிரம் சோலி என்று நினைத்துக்கொள்வார், அல்லது அப்படி நினைப்பதுபோல் காட்டிக்கொள்வார்.

போன டூரிஸ்ட் சீசனில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே அடிதடி. சந்தையில் திருட்டு. காவலுக்குத் தனியார் ஆட்களைப் போட்டுவிடலாம் என்று மன்றத்தில் முடிவானது. டெண்டர் கேட்டு வந்த ஏஜென்சிகளை அப்படியே நம்பிவிட செயல் அலுவலர் கதிர்வேல் தயாராக இல்லை. அரசாங்கத்தின் உரிமம் வேண்டும், காவலாளிகளுக்குப் பயிற்சி இருக்க வேண்டும், ஒவ்வொருவரையும் போலீஸ் விசாரித்திருக்க வேண்டும். அதற்கு மேலே மூன்று பேர் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால்தான் தீர்மானம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் ஒருவர். காட்டேஜ் வைத்திருக்கும் கவுன்சிலர் சந்தோஷ்குமார் ஒருவர். மூன்றாவது ஆள் சண்முகவள்ளி.

முதல் ஏஜென்சியைப் பார்க்க மலையை விட்டுக் கன்னிவாடிக்கு இறங்கினார்கள். விலாசத்தில் இருந்தது ஒரு உரக்கடை மாடி. பளபளவென்று போர்டு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள்.

"போர்டு இருக்கு, காவக்காரங்க எங்கங்க?" என்றாள் சண்முகவள்ளி.

"டூட்டில இருக்காங்க மேடம்."

"சரிங்க. ஒருத்தருக்குப் போனப் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்."

அந்த ஆள் போட்ட எந்த நம்பரையும் யாரும் எடுக்கவில்லை. கடைசியாக ஒன்று மணியடித்தது, கீழே உரக்கடைக்குள்ளேயே. சந்தோஷ்குமார் படியிறங்கும்போது, "சூப்பர் மேடம். நாங்க சைன் போட்டுட்டு வந்துருப்போம்" என்றார். கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்த மனுஷன் மெச்சிவிட்டார். சண்முகவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. மலையேறும் வழியெல்லாம் அந்தப் பெருமையைத்தான் மென்றுகொண்டு வந்தாள்.

அடுத்த ஏஜென்சி ஆட்களோடு நேராக அலுவலகத்துக்கே வந்தது. கொடிக்கம்பத்துக்கு எதிரே காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வரிசையாக நின்றார்கள். கதிர்வேல் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். சண்முகவள்ளி, பூட்ஸ் துடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தவள், ஒரு பூட்ஸுக்கு முன்னால் நிமிர்ந்தாள்.

பழனிமுத்து நின்றார். சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் அவருடைய முகம் லேசாக மலர்ந்தது. டூட்டி ஞாபகம் வந்து, உடனே விறைப்பாக நின்றுகொண்டார்.

"இவர் மேல வனத்துறை கேஸ் ஒண்ணு இருந்துருக்கு" என்றார் கதிர்வேல். "விடுதலை ஆயிருச்சு. போலீஸும் ஆட்சேபணை இல்லேன்னுட்டாங்க. இருந்தாலும் ஆளைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதி. கவுஞ்சின்னு இருக்கே, உங்க ஊருதானே மேடம்? இவரைத் தெரியுமா?"

எங்க அண்ணன்தாங்க சார் என்று சொன்னால் முடிந்தது. சொந்தக்காரர் காவலாளியாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தெரிந்தவர் சொன்னால் நல்லது என்றுதான் அந்த மனுஷன் கேட்கிறார். ஆனால் பக்கத்தில் சந்தோஷ்குமார் நின்றார். காட்டுமாட்டைக் கொன்ற ஜெயில்காரனின் தங்கச்சியா இவள் என்று அவர் நினைத்துவிடுவாரே என்ற ஒரு நினைப்புத்தான் அவளுக்குள் ஓடியது.

"தெரியாதுங்க சார்" என்றாள்.

பழனிமுத்துவின் கண் கொடிக்கம்பத்தை விட்டு அசையவில்லை.

"அப்ப இவரை மட்டும் எடுக்காம நிறுத்தி வைப்போம்" என்றார் கதிர்வேல். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பூண்டுக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஏதோ காவல் வேலையை நம்பி மூங்கில்பாறையில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறார் அண்ணன் என்று கவுஞ்சி ஆட்கள் சொல்லி அவளுக்குத் தெரியும். பாவிமகள் திறக்கவில்லையே.

"ஒன் மினிட் சார்" என்றார் சந்தோஷ்குமார். "எனக்கு இவரைத் தெரியும். ரெண்டு சீசன் நம்ம காட்டேஜ்லதான் வாட்ச்மேன். ஒரு கெஸ்ட்டோட கொழந்தை காட்டுமாடு பக்கத்துல போயிருச்சு. இவருதான் நடுவுல போய் நின்னு காப்பாத்துனாரு. நான் கேரண்டி."

அவளைப் பார்க்காமல்தான் சொன்னார். அண்ணன் அங்கே வேலை பார்த்ததே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மாதமே மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. சண்முகவள்ளியும் கை தூக்கினாள். தூக்கின கை அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

பழனிமுத்துவுக்கு வண்டி நிறுத்துமிடத்தின் கேட்டில் டூட்டி. சண்முகவள்ளி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சந்தைக்குச் சுற்று வழியில் போனாள். எவ்வளவு நாளைக்குச் சுற்றுவது? மகள் சௌம்யா வயசுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. வெற்றிலைத் தட்டோடு கேட்டுக்குப் போனாள்.

அவளைக் கண்டதும் பழனிமுத்து எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

"அண்ணே, இதெல்லாம் வேண்டாம்ணே."

"ஆளுக பாக்குறாக மேடம். சொல்லுங்க."

மேடம் என்ற சொல்லைக் கேட்டதும் என்ன மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சௌம்யா சங்கதிதான் வெளியே வந்தது. கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. "நம்ம புள்ளையா? அதுக்குள்ளயா?" என்று தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் ஒரு வேன் ஹாரன் அடிக்க, கேட்டைத் திறக்க ஓடினார்.

சடங்கன்று வெள்ளனே வந்து சேர்ந்தார். பட்டு வேட்டி, மேளம், தட்டுத்தட்டாகச் சீர். பட்டுப் பாவாடை ரோஜாப்பூ நிறத்தில், சௌம்யாவுக்குப் பிடித்த நிறம். மருமகளைக் கைபிடித்து மணையில் உட்கார வைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சண்முகவள்ளியால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பந்தியில் கதிர்வேலும் சந்தோஷ்குமாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகவள்ளி சாம்பார் வாளியோடு வந்தாள். பின்னாலேயே அப்பளத்தோடு பழனிமுத்து.

கதிர்வேல் அண்ணாந்து பார்த்தார். "இவர் நம்ம கேட் செக்யூரிட்டி ஆச்சே?"

"எங்க அண்ணன்தாங்க சார்" என்றாள்.

"கூடப் பொறந்தவரா? அன்னைக்குத் தெரியாதுன்னீங்களே மேடம்?"

பந்தி நிமிர்ந்து பார்த்தது. அவள் கரண்டியை வாளிக்குள் விட்டுச் சாம்பாரைத் துழாவினாள்.

"தொப்பியும் காக்கியும் போட்டா பெத்த ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாதுங்க சார்" என்றார் பழனிமுத்து. "தங்கச்சி என்ன செய்யும், பாவம். அப்பளம் வைக்கட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமாங்க சார், தொப்பி போட்டுருந்தாரா, எனக்குச் சட்டுனு..." என்று சண்முகவள்ளியும் சேர்ந்து சிரித்தாள். தானாக வந்துவிட்டது அந்தப் பேச்சு. சந்தோஷ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு சீசனும் எந்நேரமும் உங்க பேச்சுத்தான் பேசுவாரு மேடம். கவுன்சிலரு எங்க தங்கச்சின்னு கெஸ்ட்டுங்ககிட்டல்லாம் சொல்லுவாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அன்றைக்கே இவருக்குத் தெரியும். நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறார். சண்முகவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் பழனிமுத்து உள்ளறையில் பட்டு வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் காக்கிக்கு மாறினார். சாயங்கால டூட்டி. சண்முகவள்ளி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்ணே சபையில அப்படிச் சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பின்ன என்னத்தா சொல்லச் சொல்ற? தெரிஞ்சேதான் தங்கச்சி தெரியாதுன்னுச்சுன்னு சொல்லவா?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசி, அழுது, காலில் விழுந்து எப்படியாவது சமாளித்திருப்பாள்.

"டூட்டிக்கு நேரமாச்சு" என்றார் பழனிமுத்து. தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, தங்கச்சிக்கு வழக்கம்போல் சிரமம் கொடுக்காமல் பின்வாசல் வழியாகப் போனார்.