அண்ணனின் மூன்றாவது சுற்று

அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. இன்றைய நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த மலருக்குத் தங்கை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். கூடவே மூத்தவன் ஒரு நிபந்தனையும் போட்டான். "அத்தே, அந்த வாந்திக் கதைய மட்டும் எழுதிராதீங்க. பெரிய மனுசங்கல்லாம் வாசிப்பாங்க." அப்படியென்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வாழ்க்கையிலிருந்து அந்த வாந்தியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது துறைமுகத்தில் முப்பது வருடக் குமாஸ்தா வேலையும் ஒரு பழைய சைக்கிளும்தான்.

அண்ணன் பிறந்தது விளாத்திகுளம் பக்கம், மழையை நம்பிய ஒரு காட்டு ஊரில். மழை ஏமாற்றவே, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து கருப்பட்டிக் கடை வைத்தார். நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. அரிசி ரேஷன். அம்மா தன் பங்கில் பாதியை எங்கள் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்பார்கள். ஒரு நாளும் அவர்களுக்குப் பசித்ததில்லை.

அந்தக் காலத்தில் அண்ணனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, ஓட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மைல் என்றால் நாலு சுற்று. முதல் இரண்டு சுற்றும் அண்ணன்தான் முன்னால் போவார். மூன்றாவது சுற்றில் முகம் வெளுக்கும், வயிற்றைப் பிடிப்பார், ஓரமாகப் போய்க் குனிவார். பிறகு ஏது ஓட்டம்? ஒவ்வொரு பந்தயத்திலும் இதே கதை. கொஞ்ச நாளில் ஊருக்கே பழகிவிட்டது. அண்ணன் மூன்றாவது சுற்றைத் தொடங்கும்போதே, "ஏலே, தள்ளி நில்லுங்கலே, வேட்டி நனையப் போவுது!" என்று ஒருவர் சத்தம் கொடுப்பார், கோட்டோரம் நிற்கிற கூட்டம் பத்தடி பின்னால் போகும்.

இதற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் பலவீனம். கண்டுபிடித்த மருந்து உளுந்தங்களி. கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு, உருட்டி, நடுவில் குழி வைத்து அதிலும் எண்ணெய் ஊற்றிய களி. எங்கள் பக்கத்தில் அது வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலத்துக்காகக் கொடுப்பது. அம்மா அதைப் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அதற்கு மேல் இரண்டு பச்சை முட்டை, ஒரு செம்புத் தண்ணீர். வாந்தி வந்தால் அடுத்த முறை களி உருண்டை இன்னும் பெரிதாகும். அண்ணன் அதையும் தின்பார். அம்மா தன் வாயைக் கட்டிக் கிண்டிய களியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

கடைசியில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊரே அரிசிக்கு வரிசையில நிக்கு. நீ தின்னத மைதானத்துல கொட்டிட்டு வாரியா? அடுத்து வார பந்தயத்துக்கு நானே வந்து பாக்கேன். இன்னொரு மட்டம் வாந்தி எடுத்தியோ, ஓட்டத்த விட்டுட்டு கடையில தராசப் பிடி." அப்பா சொன்னால் சொன்னதுதான். அன்று அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். தராசை நினைத்து யாராவது அழுவார்களா? அண்ணன் அழுதார்.

அந்த வாரம், கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர் வீட்டு அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். சாயங்காலம் வந்து கருப்பட்டி வாங்குவது அவர் வழக்கம். காலையிலேயே வந்தால் நல்ல கட்டியாகக் கிடைக்குமே என்று அப்பா கேட்டார். "காலையில எதுக்கு அண்ணாச்சி? முங்கப் போறவுக வயிறு நெறையத் திம்பாகளா? கடலுக்குள்ள போனதும் எல்லாம் மேல வந்துரும்லா? கரைக்கு வந்த பொறவுதான் எங்க வீட்ல சோறு."

கடையில் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்த நான் அதை அப்படியே போட்டுவிட்டு அண்ணனிடம் ஓடினேன்.

மறுநாள் முதல் கடற்கரைச் சாலையில் எங்கள் ஆராய்ச்சி ஆரம்பமானது. முதல் நாள் ஒன்றும் தின்னாமல், ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு ஓடினார். தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. அடுத்த நாள் தண்ணீரும் இல்லாமல் ஓடி, தலை சுற்றி உப்பு மூட்டை மேல் விழுந்தார். இப்படி விழுந்து எழுந்துதான் சில விஷயங்கள் பிடிபட்டன. மூன்று மணி நேரம் முன்னால் எண்ணெய் இல்லாமல் இரண்டு இட்லி. தண்ணீர் ஒவ்வொரு மடக்காக. எடுத்த எடுப்பில் பாய்ந்து ஓடக் கூடாது. முடித்ததும் தொப்பென்று உட்காராமல் நடக்க வேண்டும். இதற்காக நான் அடுக்களையில் திருடிய இட்லிகளுக்கு அம்மா பூனையை ஏசினார்கள். பாவம் அந்தப் பூனை.

பந்தயத்தன்று ஏழு மணிக்கே அண்ணன் இட்லியை முடித்துவிட்டார். ஒன்பது மணிக்கு அம்மா களியோடு வந்தார்கள். தேங்காய் அளவு உருண்டை. "தின்னுரு ராசா, இன்னைக்கு உனக்கு ஒண்ணும் ஆவாது." அண்ணன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். என்னைப் பார்த்தார்.

"ஏளா, இத நீ தின்னுரு. எனக்கு ஓடணும்."

கீழே கொட்ட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. தின்றேன். எண்ணெயை வழித்துத் தின்றேன்.

மைதானத்தில் அப்பா புதுச் செருப்பு போட்டு, கையைக் கட்டி நின்றார். முதல் சுற்றில் அண்ணன் ஆறாவதாக வந்தார். அப்பா முகம் சுருங்கியது. மூன்றாவது சுற்றில் கூட்டம் வழக்கம்போல் பத்தடி பின்னால் போனது. அண்ணன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். "ஓடு அண்ணே, ஓடு!" என்று கத்திக்கொண்டு நான் கோட்டோரமாகக் கூடவே ஓடினேன். நாலாவது சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக வந்தார். வந்தவர் உட்காரவில்லை, நடந்தார். வாந்தி இல்லை!

அவருக்கு இல்லை. எனக்கு வந்தது. முழுக் களியும், அப்பாவின் புதுச் செருப்பு மேல்.

அப்பா குனிந்து பார்த்தார். கருப்பட்டி வியாபாரி, அது என்ன என்று தெரியாதா? என்னைப் பார்த்தார், தூரத்தில் நடந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். குழாயடியில் போய்ச் செருப்பைக் கழுவினார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஏளா, உன் களிதான் இன்னைக்கு இவனக் காப்பாத்திச்சு. இனிமே இவன் ஓடட்டும்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டார்களா? தெருவெல்லாம் பெருமை பேசினார்கள். அடுத்த வருடப் பந்தயத்துக்குத் தெருவில் ஏழு வீட்டில் களி கிண்டினார்கள். மைதானம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி கடைசிவரை இருந்தது. விசேஷ வீட்டில் எந்தப் பிள்ளை விளையாட எழுந்தாலும், "எத்தன மணிக்குச் சாப்பிட்ட?" என்று பிடித்து நிறுத்துவாரே, அது இதனால்தான். அம்மா போகும்வரை நாங்கள் மூன்று பேரும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். எழுபது வயதிலும் எனக்கு இடுப்பு வலி இல்லாத ரகசியமும் இதுதான். அன்றைய களி போனாலும், அதற்குப் பிறகு அண்ணன் ஓடிய பந்தயங்களின் களியெல்லாம் என் வயிற்றில்தான் தங்கியது.

கடைசி வாரத்தில் அண்ணனுக்கு எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். கடைசி நாள் காலையில் அண்ணன் மருமகள் கஞ்சி கொண்டு வந்தாள். அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது.

"ஏளா, இத நீ தின்னுரு. எனக்கு ஓடணும்."

தின்றேன். அழுதுகொண்டே தின்றேன்.

அண்ணனைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், இரவு பகல் பாராமல் வந்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த துறைமுகத்து நண்பர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்திருக்கிற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று மதியச் சாப்பாட்டில் உளுந்தங்களி உண்டு, நானே கிண்டியது. உங்களில் யாருக்கும் இன்று ஓட்டம் இல்லை. இருந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.