நாங்கள் பார்த்த கடல்

எங்கள் வீட்டில் வார இறுதி என்பது செவ்வாய், கிடைத்தால் புதனும். ஏற்காட்டில் பல வீடுகளில் அப்படித்தான். சனி, ஞாயிறு கீழேயிருந்து ஊரே மேலே வந்துவிடும். நாங்கள் வேலை செய்வோம். என் மனைவி ஏரிக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு மேற்பார்வை. விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் பொறுப்பு. செவ்வாய் அவளுக்கு வார விடுமுறை. புதனும் சேர்ந்து வேண்டுமென்றால் இன்னொருத்தியிடம் முன்கூட்டியே சொல்லி நாள் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, அடுத்த மாசம் மூணாவது வாரம் ரெண்டு நாள் சேந்தாப்புல கெடச்சிருக்குதுங்க. கடல் இருக்கற ஊரா பாத்து எங்காச்சும் போயிட்டு வரலாமுங்க.”

நான் சரி என்று சொல்வதற்கு முன்பே நோட்டை எடுத்துவிட்டேன்.

மாரமங்கலம் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தேன். தினமும் காலையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். வந்தவர் பெயருக்கு நேரே செக்ரோல் புத்தகத்தில் குறி போடுவது ரைட்டரின் முதல் வேலை. அடுத்தது மழைமானியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது. எழுதி எழுதி அது வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். முதல் மிளகு பறித்த நாள், பாதை சரிந்து பஸ் நின்ற நாள், எங்கள் மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், எல்லாவற்றுக்கும் நேரத்தோடு பதிவு உண்டு. சொந்தக்காரர்களுக்குள் எது எப்போது நடந்தது என்று தகராறு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் நோட்டைப் பிரித்துப் படிப்பேன். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

ஆகவே கடலுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். சேலத்திலிருந்து நேர் பஸ் உண்டா, எத்தனை மணி நேரம், தங்குமிடத்திலிருந்து கடல் நடக்கும் தூரமா, கடலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது என்று கட்டம் கட்டி எழுதினேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை இருக்கிறது. அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். பாண்டிச்சேரி பக்கத்தில்தான், ஆனால் அங்கே கரையில் மணலைவிடப் பாறாங்கல்தான் அதிகம் என்று கேள்வி. மாமல்லபுரம் நல்ல ஊர், நேரம் இழுக்கும். நான்காவதாக வேளாங்கண்ணி என்று எழுதி, உடனே ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், ‘ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது’ என்று குறித்தேன்.

மூன்று நாள் அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒண்டிக்கடை முக்கில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர் சேலத்துக்காரர். மேலே வந்து கடை போட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ரெண்டு நாள் போறதுக்கா இத்தனை கட்டம் போட்டிருக்கறீங்க? ஏனுங்க ரைட்டரே, அலைக்கெல்லாம் பேர் போட்டு வரிசையில நிக்க வெப்பீங்களோ?”

“தரங்கம்பாடின்னு நெனச்சிருக்கறேன். கோட்டை இருக்குது.”

“கோட்டையப் பாக்கறதுக்குச் சங்ககிரி போதுமே. சேலத்துலருந்து ஒரு மணி நேரத்துல போயிறலாம்.” தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “ஊட்டுல கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கடல் வேண்டும் என்று சொன்னது அவள். எந்தக் கடல் என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. அன்று சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்று மூன்று ஊர்களையும் படித்துக் காட்டினேன். தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே வக்காலத்து வாங்கினேன். அவள் தண்ணீரை வடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேளாங்கண்ணி போலாமுங்க,” என்றாள்.

“அது பாத்தாச்சே அம்மிணி.”

“யாரு பாத்தா?”

“நாமதான். பாப்பாவுக்கு மொட்டை போட்டப்ப.”

அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். நான் நினைவுபடுத்த வேண்டுமென்று நினைத்தேன். உள்ளே போய் இருபத்தாறு வருடங்களுக்கு முந்தைய நோட்டைக் கொண்டுவந்து, அந்த மே மாதப் பக்கத்தைப் பிரித்து, சத்தமாகப் படித்தேன். ‘காலை 9.15 கோயில். 10.40 குழந்தைக்கு மொட்டை. மாலை 5.10 முதல் 6.20 வரை கடல் பார்த்தோம். அலை அதிகம். எல்லோரும் நனைந்தோம். மிக்க மகிழ்ச்சி.’

“நாம பாக்கலீங்க,” என்றாள் அவள். “நீங்கெல்லாம் பாத்தீங்க.”

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். கோபமாகப் பேசவில்லை. எண்ணிக்கை சரியில்லாத துண்டுக் கட்டைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“மொட்டை அடிச்சு மத்தியானத்துக்கு மேல பாப்பாவுக்கு ஒடம்பு காஞ்சுது. நான் ரூமுலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஜன்னலத் தொறந்தா அடுத்த கட்டடத்துச் செவுரு. சத்தம் மட்டும் கேட்டுச்சு. நீங்க, உங்க அண்ணன், அக்கா, புள்ளைங்க அல்லாரும் நனஞ்சு வந்தீங்க. ரூமெல்லாம் மண்ணு. பாப்பா உருண்டு வந்து வாயில போட்டுக்கும்னு நான்தான் கூட்டி அள்ளுனேன். ரெண்டு மொறம் இருந்துச்சு. விடியால மொத பஸ்சுக்குக் கெளம்பிட்டோம். நான் பாத்த கடல் அந்த ரெண்டு மொறம் மண்ணுதானுங்க.”

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பில் நான் எழுவாய் எழுதுவதில்லை. இடம் மிச்சம் என்று பெருமை வேறு. ‘பார்த்தோம்’ என்றால் போதும் என்று நினைத்திருக்கிறேன். நாம் என்று சொன்னால் எதிரில் இருப்பவளும் அதில் உண்டு. நாங்கள் என்றால் அவள் இல்லை. ஆனால் நாம் பார்த்தாலும் பார்த்தோம்தான், நாங்கள் பார்த்தாலும் பார்த்தோம்தான். அன்று ‘நாங்கள்’ என்று நினைத்துத்தான் எழுதியிருப்பேன். அவள் குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அது ‘நாம்’ ஆகிவிட்டது. எனக்கே அவள் அலையில் நின்ற ஞாபகம் இருந்தது. நீலப் புடவை என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

“வராத ஆளுக்குப் பேர் போட்டுட்டீங்க, ரைட்டரே,” என்றாள். இலேசாகச் சிரித்தாள்.

எஸ்டேட்டில் ஒரு ரைட்டரை வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு தப்பு போதும். முப்பத்தொரு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

“இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

“மொத தடவ நீங்க படிச்சப்பவே சொல்லியிருப்பேன். உங்க அண்ணன் ஊட்டுல அல்லாரும் உக்காந்திருந்தாங்க. நீங்க நொம்பப் பெருமையா படிச்சுட்டு இருந்தீங்க. எதுக்குன்னு உட்டுட்டேன். அப்புறம் வருசம் ஆயிருச்சு. அதுக்கப்புறம் சொன்னா நான்தான் பொய் சொல்ற மாதிரி இருக்கும். நோட்டுல இருக்குதில்லைங்க.”

அவளுக்கு இப்போது ஐம்பத்துநான்கு வயது. தேனிலவுக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ வருடமாகப் படுக்கை விரித்திருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் கடலோர ஊர்க்காரர்கள். அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்க்காமல் போனதற்குக் காரணம் நேரமோ தூரமோ இல்லை, என்னுடைய ஒரு வரி. ஒவ்வொரு தடவையும் கடல் என்று பேச்செடுத்தால் ‘அதான் பார்த்தோமே’ என்று நான்தான் முடித்து வைத்திருக்கிறேன்.

“சரி, வேளாங்கண்ணியே போறோம்,” என்றேன் அவசரமாக. “நாளைக்கே ரூம் சொல்லிடறேன்.”

அங்கேதான் மறுபடியும் தவறினேன் போலிருக்கிறது. அவள் முகம் இறுகிவிட்டது. “பாவம் பாத்துக் கூட்டிட்டுப் போறதுன்னா வேண்டாமுங்க. உங்க கோட்டைக்கே போலாம். இல்லீன்னா புதன்கிழமையத் திருப்பிக் குடுத்தர்றேன். நாள் மாத்திக் குடுத்த புள்ள மாரமங்கலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போகோணும்னா.”

மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் பேச்சே எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில் என்னைக் கேட்டாள், “அப்பா, அம்மா கடலுக்குப் போகலைங்கறாங்க. என்னதான் பண்ணுனீங்க?” நான் நடந்ததைச் சொன்னேன். “என் காய்ச்சலாலதானாப்பா?” என்றாள். அதை எதிர்பார்க்கவில்லை நான். காய்ச்சல் இல்லை கண்ணு, நான் எழுதின அந்த ஒரு வரி என்றேன். “அப்ப அம்மாகிட்ட ஊர் பேர் கேக்காதீங்கப்பா. அங்க போயி என்ன பண்ணோணும்னு கேளுங்க.”

கேட்டேன். துவைத்து வந்த போர்வையின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். உடனே பதில் வந்தது. எத்தனையோ நாளாக வைத்திருந்த பதில்.

“மொதல்ல கடலுக்குப் போகோணும். அப்புறந்தான் கோயிலு.”

எங்கள் சனத்தில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. வேளாங்கண்ணி என்றால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாதா கோயில்தான். மெழுகுவர்த்தி, ஜெபம், நேர்ச்சை எல்லாம் முடிந்த பிறகு நேரமிருந்தால் கடல். அவளுக்கு அன்று நேரம் இல்லாமல் போனதும் அந்த வரிசையால்தான்.

“அண்ணிக்குத் தெரிஞ்சா ஒரு மாசத்துக்குப் பேசுவாங்க,” என்றேன்.

“பேசட்டும். மாதாவுக்குப் புள்ள பெத்தவ கஷ்டம் தெரியும். ஒண்ணும் சொல்லாது.” போர்வையை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். “கோட்டை கீட்டைன்னு பேசக் கூடாது. எந்த அலை எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சொல்லக் கூடாது.”

அவ்வளவையும் ஒப்புக்கொண்டேன். கட்டம் போட்ட தாளை வெந்நீர் அடுப்பு மூட்டக் கொடுத்தேன். அவள் அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி மூன்றாவது செவ்வாய், விடிந்தும் விடியாத நேரத்துப் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினோம். இருபது கொண்டைஊசி வளைவிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். சேலத்தில் பஸ் மாறி, நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. திருவாரூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் அடித்த காற்று மாறிவிட்டது. ஒட்டும் காற்று. இருவருமே ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து எங்கே கிளம்பினாலும் கை தானாக ஸ்வெட்டரை எடுத்துவிடும். நடத்துனர் அதைப் பார்த்துவிட்டு, “ஐஸ்கட்டிக்குள்ள ரூம் போட்டிருக்கீங்களாய்யா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி இருக்கும். அறைக்குக்கூடப் போகவில்லை. கோபுரம் தெரிந்ததும் சாலையிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். “நாளைக்குக் காலைல வர்றேன் தாயி,” என்று சொல்லிவிட்டு, மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி நடந்தாள். மணல் தொடங்கும் இடத்தில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க இங்கயே இருங்க. நான் மொதல்ல போயிட்டு வாறேன்.”

சுண்டல் விற்கும் ஓர் அம்மாவின் பக்கத்தில் பையை வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். அங்கேயிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. எங்கள் மலையில் எங்கே நின்று பார்த்தாலும் எதிரில் இன்னொரு மேடு இருக்கும்; பார்வை அதில் போய் முட்டிக்கொள்ளும். அவள் கையை நெற்றியில் வைத்து இடமும் வலமுமாக எதையோ தேடினாள். எதிர்க்கரையைத்தான் தேடியிருப்பாள் என்று நினைக்கிறேன். முதல் அலை வந்ததும் பின்வாங்கி ஓடினாள். அது போனதும் துரத்திக்கொண்டு போவது போல நாலு எட்டு போனாள். அடுத்தது வந்து முழங்கால் வரை நனைத்தது. அப்புறம் அசையவே இல்லை. நெடுநேரம் அப்படியே நின்றாள். தோள் குலுங்கியதா, காற்றா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகலாமா என்று ஒரு தடவை தோன்றியது. போகவில்லை.

“வூட்டுக்காரம்மாவா?” என்றார் சுண்டல் விற்கும் அம்மா. “கூடப் போவலியா? தண்ணின்னா பயமா?”

“இல்லீங்க. அவங்க போயிட்டு வரட்டும்.”

“நல்லாருக்குது,” என்று அந்த அம்மா நான் கேட்காமலே எனக்கு ஒரு பொட்டலம் மடித்தார்.

புடவை கணுக்காலில் ஒட்ட ஒட்ட அவள் திரும்பி வந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“எப்படி இருந்துச்சு அம்மிணி?”

“சொல்ல மாட்டேனுங்க.”

“ஏன்?”

“சொன்னா எழுதிப்போடுவீங்க.” பொட்டலத்திலிருந்து இரண்டு சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பையை அந்த அம்மாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். “கொஞ்சம் பாத்துக்கங்கக்கா.” பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். “இப்ப வாங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போனேன். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் கொஞ்சம் தடுமாறினேன். அவள் பிடியை விடவில்லை. கடலை அரை மணி நேரமாகத் தெரிந்தவள், எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“வரும்போது ஒண்ணும் பண்ணாதுங்க. போகும்போதுதான் காலுக்கடில மண்ண இழுத்துட்டுப் போயிரும். குதிகால நல்லா ஊனிக்கங்க. குனிஞ்சு பாக்காதீங்க, தல சுத்தும். நேராப் பாருங்க.”

ஊன்றிக்கொண்டேன். நேராகப் பார்த்தேன்.