சஷ்டி விரதத்தில் ஓட்டிய விமானம்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வருஷங்கள் ஓடிவிட்டன. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பயம். எழுதினால் முருகனைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். இன்றைக்கும் விளக்கேற்றாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள் நான். இதைப் படித்துவிட்டு, சாமி இல்லை என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்தோம். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வாடகை வீடு. என் கணவர் பைலட். அவர் படித்தவர், நான் படிக்காதவள். சொந்த அத்தை மகன் என்பதால் நடந்த கல்யாணம். பைலட் என்றதும் எல்லோரும் பெரிய ஜெட்டை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ஓட்டியது ஒன்பது பேர் உட்காரும் சின்ன விமானம். துணைக்கு இன்னொரு பைலட் கிடையாது. அவர் பக்கத்து சீட்டிலேயே ஒரு பயணி உட்காருவார். சின்னச் சின்ன ஊர்களுக்கு ஆட்களையும் தபால் மூட்டைகளையும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நாளில் ஐந்து தடவை, ஆறு தடவை ஏறி இறங்குவார்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து போவார். மத்தியானம் ஒரு மணிக்கு வந்து படுப்பார். அந்தத் தூக்கம்தான் அவருடைய ராத்திரி. இதை நம் ஆட்களுக்குப் புரியவைக்க என்னால் முடியவே இல்லை. பகலில் ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவர் சும்மா இருக்கிறார் என்றுதான் கணக்கு. ஏர்போர்ட்டுக்குப் போய் யாரையாவது ஏற்றிவரச் சொல்லிக் கேட்பார்கள். விசா பாரம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்பார்கள். போன் பண்ணாமல் வந்து நிற்பார்கள்.

பக்கத்துப் பேட்டையான த்ரீ கிங்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். அவர் வீட்டில் கார் நிறுத்தும் கராஜில்தான் எங்கள் பஜனை நடக்கும். தங்கமான மனுஷி. நாங்கள் வந்த புதிதில் சட்டி பானை, கம்பளி எல்லாம் கொடுத்தவர். ஆனால் தூக்கம் என்றால் அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

"என்ன பிள்ளை, தம்பி இன்னும் எழும்பேல்லையோ?"

"இப்பத்தாங்கக்கா படுத்தாரு. காலையில மூன்றரைக்குப் போனவரு."

"ஓம் ஓம், படுக்கட்டும். ஒருக்கா எழுப்பும், ஒரு சொல்லுக் கதைச்சுப்போட்டுப் போறன்."

கடைசியில் 'அவர் தூங்குகிறார், மாலையில் வரவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி முன்கதவில் ஒட்டினேன். அக்கா அதைப் படித்துவிட்டு, கதவைத் தட்டினால் எழுந்துவிடுவாரே என்று சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, சமையலறைக்குள் நின்று சத்தமாகக் கூப்பிட்டார்.

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன். நான் செய்தது அதைவிட மோசம்.

இந்த ஊர்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தகரக் கூரை தடதடக்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். அந்தச் சின்ன விமானம் ஆகாயத்தில் ஆடுவதைப் போலவே கண்ணில் தெரியும். அதனால் ஒரு வேண்டுதல் வைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், கந்த சஷ்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்போம், தினமும் சாயங்காலம் பஜனைக்குப் போவோம் என்று. அவரைக் கேட்காமல் அவர் பெயரையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

அவர் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிறவர் இல்லை. "லீவு போட்டுட்டு விரதம் இருக்கலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்த வாரம் லீவு கிடைக்காது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். "சரிலா, ஆறு நாள்தானே" என்று எனக்காக ஒத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு எழுந்தார். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். மத்தியானம் வந்து படுத்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது வருவார்கள், இல்லாவிட்டால் போன் அடிக்கும். ஆறரைக்கு நான் எழுப்பிவிடுவேன். பஜனை முடிந்து வீட்டுக்கு வரும்போது பத்தாகிவிடும். நாலாம் நாள், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"தலை லேசா இருக்கும்மா. பஞ்சு மாதிரி."

"அதுதாங்க விரதம். சாமி உள்ள வர்ற அடையாளம்."

சிரிக்காமல் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம். பிரசாதத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"நான்தான். எறங்கிட்டேன். எல்லாரும் நல்லாருக்காங்க. திரும்ப ஓட்ட மாட்டேன்னு ஆபீசுக்குச் சொல்லிட்டேன்."

"ஏங்க, பிளேன் கெட்டுப்போச்சா?"

"பிளேன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல. இன்னொண்ணு. பசியாறிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா டப்பாவுல ஸ்கோன் ரொட்டி வச்சிருந்தாங்க. நாலு சாப்பிட்டேன். கோவிச்சுக்காத."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா? இன்னும் சம்ஹாரமே முடியலையே" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நடந்ததை வீட்டுக்கு வந்துதான் சொன்னார். அன்றைக்கு நாலாவது இறக்கம் அது. காற்றில்லாத நல்ல வெயில். ஓடுதளம் நேராகத் தெரிகிறது. இறங்குவதற்கு வேகத்தைக் குறைத்ததும் ஒரு ஹார்ன் அடிக்கத் தொடங்கியது. சக்கரத்தை இறக்காமல் தரையை நெருங்கினால் அடிக்கிற ஹார்ன் அது. சக்கரத்தை இறக்க அவர் மறந்துவிட்டார். பல வருஷமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கை தானாகச் செய்கிற வேலை. சரி, மறந்தார். ஹார்ன் காதில் விழவில்லையா என்றால், விழுந்ததாம். "கேட்டுச்சு. நம்ம வீட்டு பிரிட்ஜ் சத்தம் மாதிரி, அது பாட்டுக்கு அடிக்குதுன்னு இருந்துச்சு. நமக்குச் சொல்றாங்கன்னே தோணல" என்றார்.

பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும். மகள் வீட்டுக்கு ஸ்கோன் சுட்டு எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் அதட்டவில்லை, அலறவில்லை. பஸ்ஸில் கேட்பது போல, "இந்தச் சத்தம் வரணுமா?" என்று மட்டும் கேட்டாராம். கேட்டதும் இவருக்கு விழிப்பு வந்துவிட்டது. என்ஜினுக்கு வேகம் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்தை இறக்கிவிட்டு இறங்கினார். இறங்கியதும் பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா டப்பாவைத் திறந்திருக்கிறார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள்.

கம்பெனியில் நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார்கள். போன மூன்று நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் அதில் கேள்வி. வேலை நேரம் போட்ட ரோஸ்டர் தாளைப் பார்த்தால் என் கணவர் நிறைவாகத் தூங்கியவர். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மறுநாள் விடியற்காலை வரை எல்லாம் ஓய்வு என்றுதான் அதில் இருக்கிறது. ஒரு மனுஷன் எந்த நேரத்தில் தூங்க முடியும் என்று அந்தத் தாளை எழுதியவர்கள் யோசித்ததே இல்லை.

கேள்விப்பட்டு அக்கா ஓடிவந்தார்.

"தம்பி, விரதத்தை மட்டும் எழுதாதேங்கோ. வெள்ளைக்காரன் எங்கட சாமியைப் பற்றி என்ன நினைப்பான்? மிஷினில பிழை எண்டு எழுதுங்கோ."

"மிஷின் ஹார்ன் அடிச்சுச்சுங்கக்கா. அது ஒழுங்கா வேலை செஞ்சுச்சு."

"அப்ப நித்திரை காணாது எண்டு மட்டும் எழுதுங்கோவன்."

"ஏன் தூங்கலன்னு கேட்டா, நீங்க பின்பக்கமா வந்ததையும் எழுதணுமே."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் போன பிறகு நானும் அதையேதான் கேட்டேன். விரதத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள் என்று அழுதேன். அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்து, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். தூக்கம், பஜனை, பால், பழம் எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே, 'உண்ணாமல் இருந்தது என் சொந்த முடிவு, வேறு யாருடைய வற்புறுத்தலும் இல்லை' என்று இருந்தது. அந்தத் தாளில் இருந்த ஒரே பொய் அதுதான். அது எனக்காகச் சொன்ன பொய்.

வேலை போய்விடும் என்றுதான் இருந்தோம். போகவில்லை. மூன்று வாரம் நிறுத்திவைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சோதித்துவிட்டு மறுபடி ஓட்ட விட்டார்கள். உண்மையைச் சொன்னதற்கு மேலாளர் கைகுலுக்கினாராம். விடியற்காலை வேலையை நாலு நாளுக்கு மேல் தொடர்ந்து போட வேண்டாம் என்று இவர் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை.

அடுத்த வருஷ சஷ்டிக்குள் கதை மாறிவிட்டது. விரதம் இருந்ததால்தான் விமானம் பிழைத்தது என்றார்கள். அதற்கடுத்த வருஷம் ஹார்ன் போய், சேவல் கூவியதாக வந்தது. ஆக்லாந்துக்கு வடக்கே ஆல்பனியில் ஒரு புதுமனைப் புகுவிழாவில், நான் யார் என்று தெரியாத ஒரு பெண் எனக்கே சொன்னாள்: முன் சீட்டில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து வழிகாட்டினானாம், தரையிறங்கிப் பார்த்தால் சீட்டில் யாருமே இல்லையாம். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கேட்கப் பிடித்திருந்தது. அந்தக் கதையில் என் மேல் தப்பே இல்லையே.

இந்த வருஷ சஷ்டி. நாலாம் நாள் பஜனை முடிந்து கராஜ் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் அப்படியே சுவரில் சாய்ந்தான். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவன். பகலில் வகுப்பு, ராத்திரியில் ஏர்போர்ட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறான். பெண்டாட்டி கைக்குழந்தையோடு பக்கத்தில் நிற்கிறாள்.

"ஒண்ணுமில்லக்கா. நாலு நாளா பால் மட்டும்தான், அதான். பத்து மணிக்கு வண்டி எடுக்கணும்."

"இப்படியே ஓட்டப் போறியா?"

"பயமில்லக்கா. அந்தப் பைலட் கதை தெரியாதா உங்களுக்கு? விரதம் இருக்கிறவன முருகன் கைவிட மாட்டான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அந்தப் பைலட்டுக்கு இருபது வருஷமா சோறு போடுறவ நான்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. "நீங்க வேற யாரையோ சொல்றீங்கக்கா" என்கிறான். காரில் உட்கார்ந்திருந்த என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னார். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் சின்னப் பையன்?" என்றான்.

"பையனே இல்லப்பா. வயசான அம்மா. நல்ல ஸ்கோன்."

அவன் முகம் விழுந்துவிட்டது, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல. அவனுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. எனக்கும்தான் வேண்டியிருந்தது. அக்கா உள்ளே போய் இட்லி கொண்டுவந்தார். அவன் தொடவில்லை. அவன் பெண்டாட்டிதான் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அவன் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "போன் பண்ணி முடியலன்னு சொல்லுங்க" என்றாள். அவன் அக்கா வீட்டுப் போனில் பேசினான். அந்தப் பக்கத்தில் திட்டுவது எங்களுக்கே கேட்டது. பேசிவிட்டு வந்து உட்கார்ந்து ஏழு இட்லி சாப்பிட்டான்.

மறுநாள் இதை எழுத உட்கார்ந்தேன்.

முருகன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவின் வாயில் அந்தக் கேள்வியை வைத்தது யார் என்று எனக்குள் ஒரு எண்ணம் உண்டு. அது என் சாமி மாடத்தோடு இருக்கட்டும். இதோடு சேர்க்க வேண்டாம். இதைப் படிக்கிறவர்கள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். சக்கரத்தை மறந்தவர் தூங்காதவர், சாப்பிடாதவர். அவரைப் பட்டினி போட்டது அவர் மனைவி. இந்த வரியை மட்டும் யாரும் எனக்காக இரக்கப்பட்டு விட்டுவிட வேண்டாம்.