ஜெஸ்ஸி எடுத்த குரல்

ஜெஸ்ஸிக்கு முப்பத்தாறு வயது. வீடியோ கேம்களுக்கு ஒலி சேர்ப்பது அவள் வேலை. தார்நாகாவில் அப்பாவோடு குடியிருக்கிறாள். காலையில் மெட்ரோ பிடித்து ஹைடெக் சிட்டி போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அப்பா ஜேம்ஸ், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். அதனால் அந்த வீட்டுத் தமிழில் தெலுங்கும் கலந்திருக்கும், இந்த ஊர் உருதும் கலந்திருக்கும். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜெஸ்ஸி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள். இப்போது பேசுவதில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. எலும்பு முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காய். கத்தி சதையில் இறங்குவதற்கு நனைத்த ஜீன்ஸ் துணியில் சுற்றிய தர்பூசணி. மார்க்கெட்டில் முருங்கைக்காயைக் காதருகே வைத்து ஒடித்துப் பார்க்கும் ஒரே ஆள் இவள்தான் என்று காய்க்காரம்மா சொல்வாள். ஒடித்ததெல்லாம் மறுநாள் சாம்பாருக்குப் போகும். அதைத் தின்றுகொண்டே ஜேம்ஸ், "இன்னிக்கு யாரு கையை உடைச்ச?" என்று கேட்பார்.

போன வருஷம் அவள் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்த கேமுக்கு ‘இரும்புக் கணவாய்’ என்று பெயர். தனியாக ஒரு படைவீரன் மலைக் கணவாயில் ஏற வேண்டும். வழிமறிக்கப் பதினோரு எதிரித் தளபதிகள். மூன்று வெட்டு விழுந்தால் வீரன் செத்துவிடுவான். மறுபடியும் அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். கஷ்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்த கேம் அது. ரத்தமும் அதிகம். சாதாரணமாக ஆடுகிறவன் மேலே போய்ச் சேர்வதற்குள் நானூறு, ஐந்நூறு முறை சாவான். ஆகவே அந்த வீரன் சாகும்போது போடும் சத்தம்தான் ஆட்டத்தில் அதிகம் கேட்கப்போகும் சத்தம்.

ஒலிப் பிரிவுக்குத் தலைவர் விஸ்வநாத், கோயம்புத்தூர்க்காரர். குரல் கொடுக்க மூன்று நடிகர்கள் வந்து போனார்கள். மூவரையும் அவர் வேண்டாமென்றார்.

"நல்லாத்தான் கத்தறாங்க. ஆனா வலிக்கலீங்க, ஜெஸ்ஸி. ஒருத்தன் இதை ஐந்நூறு தடவை கேக்கப் போறான். கடைசித் தடவையும் அவன் நம்போணும்."

அந்த மாதத்தில்தான் ஜேம்ஸ் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் காலை ஏழு மணிக்கு சுஷ்மா என்ற பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தாள். தெலுங்குப் பெண், பொறுமைசாலி. ஆனால் வலிக்கிறது என்பதற்காக நிறுத்துகிறவள் இல்லை.

முதல் நாள் ஜெஸ்ஸி கட்டிலருகே நின்றாள். ஜேம்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துப் போயிற்று. சுஷ்மா காலை இறக்கியதும் அவர் மகளைப் பார்த்து, "நீ வெளிய போம்மா," என்றார்.

"நான் இருக்கேன், டாடி. கையைப் பிடிச்சுக்கோங்க."

"நக்கோம்மா, வேணாம். நீ நின்னா எனக்குக் கத்த முடியல. கத்துனா கொஞ்சம் தேவலாம்போல இருக்கு. போய்க் கதவைச் சாத்திக்கோ."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சமையலறையில் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, பிறகு உடைந்து, "அம்மா" என்று முடிந்தது. ஜெஸ்ஸி அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, மூன்று நடிகர்களுக்கும் வராதது இதுதான் என்று தோன்றியது.

மறுநாள் காலை, சுஷ்மா வருவதற்கு முன்பு, மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் தன் சின்ன ரெக்கார்டரை வைத்தாள். நடிகருக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான்கு நாள் வைத்தாள். மூன்றாம் நாள் ஜேம்ஸுக்கு வலி குறைவாக இருந்தது; அவ்வளவாகக் கத்தவில்லை. அன்று கேட்டுப் பார்த்தபோது ஜெஸ்ஸிக்கு ஏமாற்றமாக இருந்தது. செய்த எல்லாவற்றையும்விட அந்த ஏமாற்றம்தான் பின்னால் அவளை விடாமல் துரத்தியது.

நான்காம் நாள் கிடைத்துவிட்டது. சுஷ்மா போன பிறகு ஜேம்ஸ் வேர்த்துப் படுத்திருந்தார்.

"ரொம்ப சத்தம் போட்டனா? பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்களோ."

"ஒண்ணும் கேக்கல, டாடி," என்றாள் ஜெஸ்ஸி.

குரலைக் கொஞ்சம் தடிக்கவைத்தாள். பின்னால் கேட்ட சுஷ்மாவின் குரலைத் துடைத்தாள். "அம்மா"வை எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். எடுத்தால் உயிர் போய்விட்டது. இரண்டு விநாடிதான் மொத்தமும். கேட்டு முடித்த விஸ்வநாத் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யாருங்க இது?"

"தெரிஞ்ச நாடக நடிகர். பேர் போட வேணாம்னு சொல்லிட்டார்."

பத்து வருஷத்தில் அலுவலகத்தில் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அக்டோபரில் கேம் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளைப் படித்துத் தொகுத்துத் தருவது ஹம்ஸினி என்ற பெண்ணின் பொறுப்பு. பக்கத்து மேஜைதான். நல்லதாக ஒன்று வந்தால் ஜெஸ்ஸியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவாள். முதல் வாரம் பெரும்பாலும் திட்டுதான்.

"இதைச் செய்தவர்கள் ஒரு முறையாவது விளையாடிப் பார்த்தார்களா?" என்று ஒருவர். "மூன்றாவது தளபதியிடம் இரண்டு வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன். என் மனைவி அவனைப் பெயர் சொல்லி விசாரிக்கிறாள்," என்று இன்னொருவர். "கை துண்டாவதை இவ்வளவு பக்கத்தில் காட்டத்தான் வேண்டுமா? சாப்பிட முடியவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை." "சுலபமாக்கிவிடாதீர்கள். கஷ்டப்பட்டு ஜெயிக்க விரும்பாதவன் எதற்கு இதை ஆட வேண்டும்?" அதற்குக் கீழே இருநூறு பேர் சண்டை.

பிறகு குரலைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள்.

"நூற்று நாற்பது முறை செத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ஆள் கத்தும்போது என் தோள் கூசுகிறது. யார் அந்த நடிகர்?"

ஹம்ஸினி கைதட்டினாள். ஜெஸ்ஸிக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது. மெட்ரோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே படித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது வாரம் யாரோ அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டியெடுத்து, தாளம் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஒருவன் அதைத் தன் போனுக்கு மணியாக வைத்திருப்பதாக எழுதினான். அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று ஒரு வாக்குவாதமும் நடந்தது. "அமா" என்பது கேமுக்காக உண்டாக்கிய மொழி என்றார் ஒருவர். இல்லை, அது ஒரு கெட்ட வார்த்தை என்றார் இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:

"அது தமிழ். அம்மான்னு கூப்பிடறான். போன வருசம் எங்கப்பா ஆஸ்பத்திரியில இப்படியேதான் கூப்பிட்டாரு. இது நடிப்பு இல்லை. யாரோ ஒருத்தருக்கு நெசமா வலிச்சிருக்கு. நான் இனிமே இதை ஆட மாட்டேன்."

ஹம்ஸினி அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டு, "இவரை எதுல சேக்கறது? குறையா, பாராட்டா?" என்று கேட்டாள். ஜெஸ்ஸி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் ஜேம்ஸ் கைத்தடி பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். மகள் வேலை செய்த கேம் உலகமெல்லாம் ஓடுகிறது என்று மேட்டுகுடா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"கடைசில உன் பேரு வருதாமே. காட்டேன்."

"அது முழுக்க வெட்டுக்குத்து, டாடி. உங்களுக்குப் பிடிக்காது."

"வெட்டுக்குத்து இருக்கட்டும். உன் பேருக்காகத்தானே பாக்கப் போறேன்."

நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் ஏதோ சாக்குச் சொன்னாள்.

நவம்பர் முதல் வாரம் அவள் விஸ்வநாத்திடம் போய், அடுத்த அப்டேட்டில் அந்தக் குரலை மாற்ற வேண்டும் என்றாள். அவருக்குப் புரியவில்லை.

"எல்லாரும் அதைத்தான் பாராட்டறாங்க. எதுக்கு மாத்தோணும்?"

"அது எங்கப்பா, சார். பிசியோ நடக்கும்போது எடுத்தேன். அவருக்குத் தெரியாது."

விஸ்வநாத் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. அப்பாகிட்ட சொல்லிட்டு சம்மதக் கடிதம் ஒண்ணு வாங்கிருங்க. ஒரு கையெழுத்துதானே. எல்லாம் சரியாயிடுமுங்க."

அவர் அடித்துக் கொடுத்த சம்மதக் கடிதத்தோடு அவள் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தாள். சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஜேம்ஸ் நாற்காலியில் சாய்ந்தபோது, லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். ரெக்கார்டரை எங்கே வைத்தாள், எத்தனை நாள் வைத்தாள் என்பதையும் சொன்னாள்.

ஜேம்ஸ் காது மந்தமானவர்போல அவளையே பார்த்தார். "போடு, கேக்கலாம்," என்றார்.

ஜெஸ்ஸி கேமை ஆடினாள். வேண்டுமென்றே நின்று மூன்று வெட்டு வாங்கினாள். வீரன் மண்டியிட்டு விழுந்தான். குரல் வந்தது.

"இது நான் இல்லியே. தடியா இருக்கே."

"தடிக்க வெச்சேன், டாடி."

"இன்னொரு தடவை போடு."

இரண்டாவது முறை கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் தொடையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுத்தானே போன?"

"ஆமா, டாடி."

"உங்கம்மா இருந்தப்போ அவ எதிர்லகூட நான் இப்படிக் கத்துனதில்ல. ஒர்க்‌ஷாப்புல விரல் நசுங்குனப்பகூட இல்ல." பிறகு, "எவ்ளோ பேரு கேட்டிருப்பாங்க?" என்றார்.

"லட்சக்கணக்குல."

"ஹவ்? நெஜமாவா?" என்றார் அவர், நம்பாமல். "என்ன சொல்றாங்க?"

அவள் போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். பாராட்டியதைச் சொன்னாள். தாளம் சேர்த்ததையும், மணியாக வைத்ததையும் விடாமல் சொன்னாள். அவற்றை மறைத்தால் இன்னொரு பொய்யாகும் என்று பயம். தளபதியின் பெயரைச் சொல்லி விசாரிக்கும் மனைவியைப் பற்றிக் கேட்டபோது ஜேம்ஸ் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். திருப்பூர்க்காரர் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"அவங்கப்பா இப்ப எப்படி இருக்காராம்?"

"தெரியல, டாடி. அது போடல."

"கேளேன்."

ஜெஸ்ஸி அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கேட்டாள். பிறகு காகிதத்தை எடுத்து நீட்டினாள். என்னவென்று சொன்னாள். ஜேம்ஸ் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார்.

"எடுத்துரும்மா அந்தக் குரலை."

"எடுத்துடறேன். ஆனா வெளிய போனதை எடுக்க முடியாது, டாடி. வெட்டிப் போட்டது எல்லாம் அங்கங்க இருக்கும். அது என் கையில இல்ல."

"சரி," என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் "சரி" என்றார். டீ போடட்டுமா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கையெழுத்து இல்லை என்றதும் விஸ்வநாத் வேறு நடிகரைத் தேடினார். டிசம்பர் அப்டேட்டில் குரல் மாறிவிட்டது. ஆட்டக்காரர்கள் விடவில்லை. "பழைய குரல் எங்கே? கேமின் உயிரே போய்விட்டது," என்று எழுதினார்கள். கேமுக்கு அவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் குறைந்தன. அந்தக் கருத்துகளையெல்லாம் ஹம்ஸினி தொகுத்து மேஜையில் வைத்தபோது விஸ்வநாத் ஜெஸ்ஸியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வேலைக்கு அவளைக் கூப்பிடவும் இல்லை. அவளே கேட்டுக்கொண்டு குழந்தைகளுக்கான கணக்குச் செயலி ஒன்றுக்கு மாறிக்கொண்டாள். அங்கே சரியான விடைக்கு ஒரு மணி, தப்பான விடைக்கு ஒரு தவளை.

திருப்பூர்க்காரரிடமிருந்து பதில் வந்தது. அவருடைய அப்பா ஜனவரியிலேயே இறந்துவிட்டாராம். "நீங்க கேட்டதுக்கு நன்றி. கேம் செஞ்சவங்கள்ல ஒருத்தரா நீங்க?" என்று கேட்டிருந்தார். ஜேம்ஸிடம் அதைச் சொன்னாள். அவர் தலையாட்டி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். திருப்பூர்க்காரரின் கேள்விக்கு ஆமாம் என்று எழுத ஜெஸ்ஸிக்கு இன்னும் கை வரவில்லை.

ஜேம்ஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை. சர்ச்சில் யாராவது விசாரித்தால் பழையபடியே, "என் பொண்ணு செஞ்ச கேம்தான்," என்கிறார். பக்கத்தில் நிற்கும் ஜெஸ்ஸி செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் பெரம்பூரில் இருக்கும் அவருடைய தங்கை தங்கத்துக்கு அறுபது வயது முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருடைய வாழ்த்துகளையும் குரலில் பதிவுசெய்து வாங்கிச் சேர்த்துக் கொடுப்பதாக அவள் பிள்ளைகள் ஏற்பாடு. ஜேம்ஸ் நன்றாகப் பாடுவார். அண்ணன் ஒரு கீர்த்தனை பாடி அனுப்ப வேண்டும் என்று தங்கமே போன் செய்து கேட்டாள்.

"பாட்டெல்லாம் எதுக்கும்மா. நான் எழுதி அனுப்பறேன்," என்றார் ஜேம்ஸ்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஜெஸ்ஸியைப் பார்த்து, "ஆசீர்வாதத்துல அந்த ‘ர்’ எப்படிம்மா போடறது?" என்று கேட்டார். அவள் பக்கத்தில் போய்க் காட்டிக் கொடுத்தாள்.