கிரீடம் வைத்த ஊக்கு

எண்பத்தாறாம் வருடம், மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில், எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பாவின் முதல் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. இளவயதில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர். பிறகு கோலா கிளாவாங் பக்கம் தோட்டத்து லாரி. அவருடைய பட்டாளத்து பேட்ஜுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. அப்பாவின் இரும்புப் பெட்டியைக் கிளறியதில் நான்கு கிடைத்தன.

எது எந்தக் காலத்தது என்று எழுத வேண்டுமே. சிரம்பானில் பழைய நாணயம், தபால்தலை விற்கும் சீனரிடம் கொண்டுபோனோம். பேட்ஜின் மேலே உள்ள கிரீடம் உருண்டையாக இருந்தால் இங்கிலாந்தில் ராஜா ஆண்ட காலம், நடுவில் குழிந்திருந்தால் அவருக்குப் பின் வந்த ராணி காலம் என்று விளக்கினார். மூன்று ராணி காலத்தவை. நான்காவது எல்லாவற்றிலும் சின்னது, ராஜா காலத்தது. பின்பக்க வளையத்தை வெட்டிவிட்டு அதில் யாரோ ஊக்கு பற்றவைத்திருந்தார்கள். இது உடுப்பில் குத்துவதில்லை, பட்டாளத்துக்காரர்கள் பெண்டாட்டிக்கோ காதலிக்கோ செய்து கொடுப்பது என்று சிரித்தார்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கல்யாணம் ராணிக்கு முடிசூட்டிய பிறகுதான். அப்படியென்றால் இது யாருக்கு? அம்மா இதைக் குத்தி நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குச் செத்துப்போன மனிதர் மேல் கோபமான கோபம். பெற்ற பிள்ளைகளிடம் சிரித்துப் பேசத் தெரியாதவருக்கு ஊக்கு செய்து கொடுக்க மட்டும் தெரிந்ததாக்கும்! இந்த வயதில் அம்மா இதைத் தாங்கமாட்டாள் என்று பயந்து, அதை என் பர்சில் ஒளித்துக்கொண்டேன். மூன்றை மட்டும் சட்டத்தில் வைத்தோம்.

சட்டத்தைப் பார்த்த அம்மா, "ஊக்கு வச்சது ஒன்னு இருக்குமே, எங்க?" என்றாள். மழுப்பிப் பார்த்தேன். முடியாமல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட கிறுக்குங்களா, ராணி பேட்ஜு புதுசா குடுத்தப்ப பழசை எடுத்து வச்சிருந்தாருலா. கல்யாணமான புதுசுல ஆசாரிகிட்ட குடுத்து ஊக்கு வச்சுக் கொண்டாந்தாரு. கம்யூனிஸ்டுங்க காட்டுல ஒளிஞ்சு சுட்டுக்கிட்டிருந்த காலம். எனக்கு மலாயும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. 'எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கேம்பு வாசல்ல இதைக் காட்டு, என் பொஞ்சாதின்னு உள்ள விடுவாங்க'ன்னாரு."

நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு கோத்துக்கொள்வது வழக்கம்தானே. அம்மா இதையும் அங்கேதான் கோத்திருந்தாளாம், ரவிக்கைக்குள். அதனால்தான் எங்கள் கண்ணில் படவில்லை. தாலி கழற்றிய அன்று இதையும் கழற்றி அப்பாவின் பெட்டியில் போட்டிருக்கிறாள்.

அதையும் உள்ளே வைக்கத் தம்பி சட்டத்தைத் திறக்கப் போனான். அம்மா தடுத்துவிட்டாள். "அது பட்டாளத்து சாமான் இல்லய்யா, என்னோடது" என்று கையை நீட்டினாள். பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா அம்மாவிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தான் இல்லாத நாளில் அவள் எந்த வாசலில் போய் நிற்பாள் என்பதுவரை அந்த மனிதர் யோசித்திருக்கிறார். அன்றிலிருந்து, சிடுசிடுவென்று இருக்கும் யாரைப் பார்த்தாலும், இவர் யாருக்காக என்ன கவலையைச் சுமந்துகொண்டிருக்கிறாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.