பூச்சி மாந்தம்

சூரியநெல்லியில் மேகம் வாசல் வழியாகத்தான் வரும். யாரையும் கேட்காது. அடுப்பைச் சுற்றும், கொடியில் காயும் துணியைத் தொடும், விட்டத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலை லேசாக ஆட்டிவிட்டுப் போகும். அந்தத் தொட்டிலில் தம்பி இல்லாமல் போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அவிழ்த்துவிடச் சொல்லிச் சொல்லி அப்பா அலுத்துப்போயிருந்தார். ஒருநாள் மேகத்தோடு மேகமாக ஒரு சாம்பல் பூனைக்குட்டி வந்தது. எஸ்டேட் லயத்தில் வரிசையாக இத்தனை வீடு இருக்க, நேராக எங்கள் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மா விரட்டவில்லை. போகிற போக்கில் தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "புள்ள மேல ஒரு கீறல் விழட்டும், சாக்குல கட்டி போடிக்குப் போற லாரில ஏத்திருவேன்."

கீறல் விழுந்தது. தூங்குகிற குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்க்கக் கைவிட்டவள் நான்தான். சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தேன். மணிக்கட்டில் கோடு ஆறியும் போனது. அதன் பிறகுதான் அக்குளில் நெறி கட்டியது, நெல்லிக்காய் அளவுக்கு. காய்ச்சலில் மலைகளெல்லாம் பாயருகே வந்து குனிந்து மூச்சு விட்டன.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அறுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்; கூட வந்த அம்மாதான் என்னை உள்ளே கொண்டுபோனாள். டாக்டர் கோட்டயம் பக்கம், தமிழ் வராது. கட்டியை அமுக்கினார். கையைத் திருப்பி அந்தக் கோட்டைக் கண்டுகொண்டார்.

"பூச்ச மாந்தியோ?"

பூனை பிராண்டியதா என்று கேட்கிறார். பள்ளிக்கூடத் தயவில் எனக்கு அந்த மலையாளம் தெரியும். அப்பாவுக்கு அரைகுறை. குட்டி லாரி ஏறப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ஆமா சாரே! பூச்சியுந்தான், மாந்தமுந்தான். பொறந்ததுலருந்தே வயிறு சரியில்ல."

டாக்டர் விரல்களை மடக்கிக் காற்றைப் பிராண்டிக் காட்டினார்.

"வயித்தப் பிராண்டுதான்னு கேக்கியளா? அதேதான் சாரே."

"மியாவ்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார், பாவம்.

"தூக்கத்துல அப்படித்தான் மொனங்குவா."

டாக்டர் அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கட்டியில் கோத்திருந்த சீழை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, "கீறண்டா. சூடு பிடிச்சா மதி. தன்னே பொய்க்கோளும்" என்றார். அறுக்க வேண்டாம், ஒத்தடம் போதும், தானாகவே போய்விடும். அதை மட்டும் அம்மா திருப்பிக் கேட்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா, நாங்கள் வெளியே வந்ததும்.

"பூச்சி மாந்தமாம்."

"அக்குள்லயா?"

"மலை மாந்தம். எங்க வேணாலும் எறங்கும்."

அப்பா தலையாட்டிக்கொண்டே நடந்தார். எனக்கு நிம்மதி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இத்தனை வருஷம் இந்த மலையில் கொழுந்து பறித்தும் ஒரு பூச்சயைத் தெரியவில்லையே இந்த அம்மாவுக்கு!

சாயங்காலம் மேகம் வந்து விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அம்மா ஒரு கையால் என் அக்குளில் சுடுதுணியை வைத்து ஒற்றினாள், மறுகை தொட்டிலில். சேலை மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குட்டியின் காலைப் பிடித்து, உள்ளங்கையில் பொத்தி, மெல்லச் சொன்னாள்:

"இனி மாந்தருது, கேட்டோ பூச்சே."

இனிமேல் பிராண்டாதே என்று பூனையிடம் சொல்லுமளவுக்கு ஒரே நாளில் அம்மா மலையாளம் படித்துவிட்டாளே என்று எனக்குப் பெருமையான பெருமை. அந்தப் பெருமையிலேயே தூங்கிப்போனேன்.